சிம்ஸ் விளையாட்டும் லயத்துப் பிள்ளையின் இலட்சியமும்

உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு மலையகப் பிள்ளைகளை உட்காரவைத்து இலட்சியம் போதிப்பது, கண்டிப் பக்கத்தில் இப்போது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. பெரிதாகக் கனவு காணுங்கள், படிப்படியாக ஏறுங்கள், தடையெல்லாம் உங்கள் மனத்தில்தான் என்பதே எல்லோர் பேச்சின் சாரமும். அண்மையில் கேட்க நேர்ந்த ஒரு பேச்சாளர் கணினி விளையாட்டையும் துணைக்கு அழைத்துக்கொண்டார். 'சிம்ஸ்' விளையாட்டில் கடைநிலை ஊழியன்கூட விடாமுயற்சியால் உச்சிக்குப் போகிறானே, உங்களால் முடியாதா என்று கேட்டார்.

அந்த விளையாட்டை அவர் ஆடிப் பார்த்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த முதலாவது சிம்ஸை எடுத்துக்கொள்வோம். பத்துத் தொழில்துறைகள், ஒவ்வொன்றிலும் பத்துப் படிகள். இராணுவத்தில் கடைசிப் படியில் சேருபவர் பத்தாம் படியில் ஜெனரலாகிவிடுவார். (வேலை விளம்பரம் வருவது காலையில் வீட்டுக்கு வரும் செய்தித்தாளில். பத்திரிகைக்காரனுக்கு அது ஒரு சிறு ஆறுதல்.) ஆனால் விடாமுயற்சி என்றொரு பொத்தான் அதில் கிடையாது. பதவி உயர்வை நிர்ணயிப்பவை கற்ற திறன்கள், நண்பர்களின் எண்ணிக்கை, வேலைக்குப் புறப்படும் வேளையின் மனநிலை ஆகியவை. மனநிலையோ எட்டுத் தேவைகளால் ஆனது: பசி, உறக்கம், குளியல், கழிவறை, சௌகரியம், பொழுதுபோக்கு, மனித உறவு, எட்டாவதாக அறை. ஆம், அறை. இருண்டு குறுகிய அறையில் வாழ்பவரின் மனநிலை தானாகவே சரியும், சரிந்தால் பதவி உயர்வு இல்லை. திறன் வளர்க்கப் புத்தக அலுமாரி வேண்டும், அதை வைக்க இடமும் வேண்டும். இதை உருவாக்கிய வில் ரைட், 1991இல் அமெரிக்காவின் ஓக்லண்ட் பெருந்தீயில் வீட்டைப் பறிகொடுத்து வாழ்க்கையைப் புதிதாகக் கட்டியெழுப்பியவர். அந்த அனுபவத்தில் முளைத்ததே இந்த விளையாட்டு.

இனி ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைப் பக்கம் வாருங்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டமும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. 10 அடிக்கு 12 அடி லய அறையில் ஒரு குடும்பமே சமைத்து, உண்டு, உறங்க, அதற்குள்ளேயே பிள்ளை இரசாயனவியல் படிக்க வேண்டும். சிம்ஸில் புதிதாகக் குடியேறும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கையில் 20,000 காசு கொடுத்துத்தான் ஆட்டத்தைத் தொடங்குவார்கள். ஏணியும் எல்லோருக்கும் ஒன்றே. தோட்டத்து ஏணியில் கங்காணி, கணக்கப்பிள்ளை, சின்னத்துரை, பெரியதுரை என்று படிகள் உண்டு. கொழுந்து பறிக்கும் பெண் அதில் எத்தனையாவது படிவரை ஏறியதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?

இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வர 1970கள் ஆயின. இந்தத் தாமதத்தையும் பிள்ளையின் மனத்தடை என்பார்களா?

இதிலே கண்டி மாவட்டத்துக்கு உரிய அநியாயமொன்று உண்டு. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்கான பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் தேசிய மட்டத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கிய பட்டியலில் உண்டு, கண்டி இல்லை. ஆகவே கலஹாத் தோட்டத்துப் பிள்ளை, தர்மராஜ, மகாமாயா போன்ற நகரப் பெரும் பாடசாலைகளின் பிள்ளைகளோடு ஒரே வெட்டுப்புள்ளிக்குப் போட்டியிடுகிறது. புசல்லாவையைத் தாண்டி எல்லைக்கு அப்பால் பிறந்திருந்தால், அதே லயம், அதே கொழுந்துக் கூடை, வேறு வெட்டுப்புள்ளி.

லயத்திலிருந்து பேராதனைக்குப் போனவர்கள் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறார்கள், அவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் அவர்களை மேடையேற்றி மற்றப் பிள்ளைகளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது அவர்களுக்கே செய்யும் அவமரியாதை.

தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானமும் கணிதமும் தமிழில் கற்பிக்க ஆசிரியர் வேண்டும், மாவட்ட எல்லையைப் பார்க்காமல் பாடசாலையின் நிலையைப் பார்த்துக் கோட்டா வேண்டும் என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேட்க ஒரு மேடை போடுங்கள். முன்வரிசையில் வந்து உட்காருகிறேன்.