வண்டிக்கு மை போடுவதை எப்போது விட்டோம்?

கார்த்திகை மழையில் ஒரு மாதம் சும்மா கிடந்த என் பழைய பிக்கப்பில் மட்டியும் செந்துளுவனும் ஏற்றிக்கொண்டு, பூதப்பாண்டியிலிருந்து அப்டா மார்க்கெட்டுக்குப் போனேன். புத்தேரி தாண்டும்போதே வண்டி இடப்பக்கம் இழுத்தது. குலைகளை ஒரு பக்கமாக அடுக்கிவிட்டோம் போல என்று நினைத்துக்கொண்டேன். மார்க்கெட்டில் இறங்கினால் கருகல் வாடை. முன்சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோக முடியவில்லை, தோசைக்கல் மாதிரி அனல். சுமை இறக்கும் தம்பி ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். பக்கத்தில் நின்ற மெக்கானிக் சத்தம் போட்டார்: "தண்ணி ஊத்தாதீங்க, டிஸ்க் கோணிப் போவும்!"

ஆறிய பிறகு சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். "பிரேக்கு புடிக்கல்லன்னா எல்லாரும் பயப்படுதோம் சார். புடிச்சது விடல்லன்னா யாரும் பாக்கதில்ல."

மிதியை அழுத்தினால் காலிப்பரில் உள்ள பிஸ்டன் தள்ளும், இரண்டு பேடுகளும் டிஸ்கைக் கவ்வும். காலை எடுத்ததும் காலிப்பர் தன் இரண்டு பின்களின் மேல் வழுக்கி இளக வேண்டும். என் வண்டியில் பின்னை மூடும் ரப்பர் உறை கிழிந்து, வயல் சேறும் மழைத்தண்ணீரும் உள்ளே போய், பின் துருப்பிடித்து இறுகிவிட்டது. பேடு ஒன்று பாதி இருந்தது, மற்றது தகடுவரை தேய்ந்திருந்தது. அவ்வளவுதான் கோளாறு. போனில் விசாரித்த ஒரு ஒர்க்ஷாப்பிலோ காலிப்பரையே முழுசாக மாற்றச் சொன்னார்கள்!

இவர் மாற்றவில்லை. பின்னைத் துடைத்து, புது உறை போட்டு, சிலிக்கான் கிரீஸ் தடவினார். தேங்காய் எண்ணெய் போதாதா என்று கேட்டேன் (நம்மூர்க்காரன் கேட்காமல் இருப்பானா?). எண்ணெயும் சாதாரண கிரீஸும் ரப்பரைக் கெடுத்துவிடும் என்று திட்டினார். பேடுகளை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றினார். கழற்றிய காலிப்பரை ஓசில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைத்தது எனக்குப் பிடித்தது.

இன்னொன்றும் சொன்னார். இறுகிய சக்கரத்தில் பிளீடர் நிப்பிளைக் கொஞ்சம் இளக்கியதும் சக்கரம் சுற்றினால், அழுத்தம் உள்ளே அடைபட்டிருக்கிறது. பெரும்பாலும் ஓஸ் உள்ளுக்குள் அடைத்திருக்கும். அப்போதும் சுற்றாவிட்டால் பின் அல்லது பிஸ்டன். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், உள்ளே துரு பிடிக்க அதுவும் ஒரு காரணம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

வங்கியில் இருந்த காலத்தில் எத்தனையோ வண்டிக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆர்.சி., இன்சூரன்ஸ், ஜாமீன்தாரர் எல்லாம் பார்த்தேன். சக்கரத்தைக் குனிந்து பார்த்ததில்லை. தேய்மானம் என்பது எனக்குப் பேரேட்டில் ஒரு பத்தி.

நம் கூட்டங்களில் பஞ்சகவ்யாவும் மீன் அமிலமும் நாமே தயாரிக்கிறோம். உரக்கடைக்குப் போகக்கூடாது என்கிறோம், சரிதான். ஆனால் விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகும் வண்டியைப் பற்றி ஒரு வகுப்புகூட நடந்ததில்லை. மாட்டுவண்டி வைத்திருந்த நம் தாத்தாக்கள் அச்சுக்கு மை போட யாரையும் கூப்பிடவில்லை. வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்துத் தாங்களே போட்டார்கள்.

பிரேக்கை எல்லாரும் கழற்றிப் பாருங்கள் என்று சொல்லவில்லை. அது உயிர் விஷயம், மிதி எண்ணெயில் காற்று புகுந்தால் வண்டி நிற்காது. கழற்றுவது மெக்கானிக் வேலை. ஆனால் மாதம் ஒருமுறை சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்க்கலாம், ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று பார்க்கலாம், சும்மா நிற்கும் வண்டியை வாரம் ஒருமுறை ஓட்டலாம். என்ன கெட்டிருக்கிறது என்று தெரிந்தவனிடம் முழு காலிப்பரை யாரும் விற்க முடியாது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்த மெக்கானிக்கை அழைக்கலாம். அவர் ஒருநாள் கூலியை நாம் கொடுத்துவிட வேண்டும், ஓசியில் கேட்கக்கூடாது. கழற்றிக் காட்ட என் வண்டியைக் கொண்டுவருகிறேன். ஜாக்கியும் ஸ்டாண்டும் என் பொறுப்பு.