சரிவைப் படிக்கத் தெரிந்தவரா? கட்டடக்கலைஞரின் தகுதியை அளப்பது பற்றி எங்கள் நிலைப்பாடு

நாகலூரிலும் சுற்றியுள்ள சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் வீடு கட்டுகிறவர்கள், கட்டித் தருகிற மேஸ்திரிகள், கொத்தனார்கள், சிறு காப்பித் தோட்டக்காரர்கள் எனப் பலரும் சேர்ந்தது எங்கள் அமைப்பு. ஆர்க்கிடெக்ட் ஆக யாருக்குத் தகுதி உண்டு, அதை எப்படி அளப்பது என்பதைக் கல்லூரிகளும் டெல்லியில் இருக்கும் கட்டடக்கலைக் கவுன்சிலும் பார்த்துக்கொள்ளட்டும் என்று இத்தனை நாள் இருந்துவிட்டோம். அந்த அளவீடு பிசகினால் விரிசல் விழுவது எங்கள் சுவரில். அதனால் எங்கள் கருத்தைப் பொதுவில் வைக்கிறோம்.

இன்றைய தேர்வுகள் கையையும் கணக்கையும் அளக்கின்றன. மனையை நடந்து பார்க்கும் காலையும், குடியிருக்கப்போகிறவரும் கொத்தனாரும் சொல்வதை வாங்கிக்கொள்ளும் காதையும் அளப்பதில்லை. அவ்விரண்டையும் சோதிக்காமல் யாருக்கும் பதிவு எண் தரக் கூடாது. இதுவே எங்கள் நிலைப்பாடு.

இப்போதைய நடைமுறை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர்கள் சட்டப்படி அமைந்த கவுன்சில், 2006 முதல் ‘நாட்டா’ என்ற திறனறித் தேர்வை நடத்துகிறது. பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். 2024இல் வகுத்த முறையில் மொத்தம் 200 மதிப்பெண். அதில் 80 வரைவதற்கும் உருவம் அமைப்பதற்கும், மீதி 120 கணினியில் விடை தேர்ந்தெடுப்பதற்கும். தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் இதனுடன் பிளஸ் டூ மதிப்பெண்ணும் சரிபாதியாகச் சேர்கிறது. கொரோனாவுக்குப் பின் சில ஆண்டுகள் தாளில் வரைவதே இல்லாமல் போயிருந்தது. 2024இல் அது திரும்பி வந்ததை மனமார வரவேற்கிறோம். கையில் கொடுத்த துண்டுகளை வைத்து முப்பரிமாண உருவம் செய்யச் சொல்வதும் நல்ல சோதனைதான். மேசை சமமாக இருக்கிறது, எங்கள் மனை சரிவாக இருக்கிறது என்பது மட்டுமே எங்கள் குறை.

ஐந்தாண்டுப் படிப்பு முடிந்ததும் பட்டத்தைக் காட்டிப் பதிவு செய்துகொள்ளலாம். இடையில் ஓர் அலுவலகத்தில் செய்யும் பயிற்சியைத் தவிர, தொழிலுக்குள் நுழையும் வாசலில் வேறு சோதனை கிடையாது. பிரிட்டனில் படிப்பு முடிந்தாலும், குறைந்தது இரண்டாண்டு வேலை அனுபவத்தைக் காட்டித் தொழில்முறைத் தேர்வு ஒன்றையும் தாண்டிய பிறகே ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியும் என்ற ஏற்பாடு நெடுங்காலமாக இருந்துவந்தது. நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. சட்டம் காப்பது ஆர்க்கிடெக்ட் என்ற பட்டப்பெயரை மட்டுமே, பதிவில்லாதவர் கட்டடம் வடிவமைப்பதை அது தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. ஆக, மலையில் பிளான் போடுகிறவர் யாராகவும் இருக்கலாம். பட்டப்பெயருக்கு மதிப்பு வேண்டுமென்றால், அதை வைத்திருப்பவருக்கு மற்றவரிடம் இல்லாத ஏதோ ஒன்று தெரிந்திருக்க வேண்டும்.

அந்த ஏதோ ஒன்று என்ன என்பது இங்கே மண்ணை வெட்டும்போது தெரியும். எங்கள் மலையிலுள்ள ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். சமதரையில் பழகியவர் சரிவைப் பார்த்ததும் முதலில் செய்வது மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டு மனையைச் சமமாக்குவது. வீட்டின் பாதி வெட்டிய கெட்டித் தரையில் நிற்கும், பாதி கொட்டிய மண்ணில் நிற்கும். இரண்டு மழைக்காலம் போனால் கொட்டிய பக்கம் அமரும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு கோடு கிளம்பும். பூச்சு வேலை சரியில்லை என்று கொத்தனாரைத் திட்டுவார்கள்.

தடுப்புச் சுவரும் அப்படியே. சுவரின் கனத்தை எல்லோரும் கேட்கிறார்கள்; அதன் பின்னால் தேங்கும் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்பவர் குறைவு. நீர் வடியும் துளைகளை விடாமல், விட்டாலும் பின்னால் ஜல்லி நிரப்பாமல் கட்டினால், ஊறிய மண் முழுப் பாரத்தோடு சுவரைத் தள்ளும். வெயிலில் காய்ந்து கிடக்கும் ஓடைத்தடம் வரைபடத்தில் வெறும் கோடு. ஐப்பசியில் அதில் எவ்வளவு தண்ணீர் வரும் என்பது பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்யும் அம்மாவுக்குத் தெரியும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் ஆட்களிடமும் குறை இருக்கிறது. “முப்பது வருஷமா இப்படித்தான் போடுறோம், நிக்குது” என்பது சில மேஸ்திரிகளின் ஒரே பதில். நின்ற வீடுகள் மட்டும் கண்ணில் படுகின்றன. அதனால்தான் கொத்தனாரின் அனுபவத்தையும் கேட்டு, கணக்கையும் போட்டுப் பார்த்து, எது சரி என்று சொல்லத் தெரிந்த மூன்றாவது ஆள் வேண்டியிருக்கிறது.

யாருக்குத் தகுதி உண்டு என்ற கேள்வி புதிதல்ல. தென்னாட்டு ஸ்தபதிகள் போற்றும் மயமதம் என்ற பழைய கட்டடக்கலை நூல், ஸ்தபதிக்குக் கணிதமும் வரைகலையும் தெரிந்திருக்க வேண்டும் என்பதோடு நிற்பதில்லை. இரக்கம், பொறாமையின்மை, பேராசையின்மை ஆகியவற்றையும் தகுதிகளாகச் சொல்கிறது. உடலில் குறை இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அதை நாங்கள் ஏற்கவில்லை. ஆனால் பேராசையின்மையைத் தகுதிப் பட்டியலில் வைத்தவர் மனை வாங்கி விற்கிறவர்களை நன்றாகவே பார்த்திருக்கிறார்.

காதை அளக்க முடியுமா என்று கேட்பவர்களுக்குக் கண்டியைக் காட்டுகிறோம். இலங்கைக் கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா பம்பாயில் படிக்கும்போது சுதந்திரப் போராட்ட ஊர்வலத்தில் கலந்துகொண்டதற்காகக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டவர். பின்பு லண்டனில் படித்துத் தேறி ஊர் திரும்பினார். 1950களில் கண்டியின் வட்டபுலுவவில், மலைச்சரிவில், அரசு ஊழியர்களுக்கான குடியிருப்பை வடிவமைக்க வந்தபோது, குடிவரப்போகும் குடும்பங்களிடம் கேள்வித்தாள் கொடுத்து அவர்கள் வாழும் முறையைக் கேட்டறிந்து அதன்படி வீடுகளைத் திட்டமிட்டார். இங்கிலாந்திலிருந்து வந்த கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் பர்மிங்காமில் கற்றதோடு நிற்காமல் இமயமலையின் பித்தோராகருக்குப் போனார். அங்கே இருந்த 16 ஆண்டுகளில் உள்ளூர்க்காரர்கள் கல்லையும் மண்ணையும் வைத்துக் கட்டுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். பிறகுதான் திருவனந்தபுரத்துச் செங்கல் வீடுகள் வந்தன. இருவரிடமும் இருந்த திறமையை ஒரு மதியத் தேர்வில் கண்டுபிடித்திருக்க முடியாது. ஒரு வாரத்தில் முடியும்.

அந்த ஒரு வாரத்தைத்தான் கேட்கிறோம். பதிவுக்கு முன், மாணவருக்குப் பழக்கமில்லாத நிலத்தில், மலையாகவோ கடற்கரையாகவோ இருக்கட்டும், ஒரு மனையும் ஒரு குடும்பமும் ஒரு கொத்தனாரும் கொடுங்கள். தண்ணீர் போகும் வழியையும் வீட்டாரின் தேவையையும் அவர் எழுதி வரையட்டும். தனக்குத் தெரியாததை எங்கே ஒப்புக்கொண்டு மண் பரிசோதனைக்கோ கட்டமைப்புப் பொறியாளரிடமோ போனார் என்பதற்கும் மதிப்பெண் இருக்கட்டும். மதிப்பிடுகிறவர்களில் ஒருவர் அந்த ஊர்க் கொத்தனாராக இருக்க வேண்டும். விருப்பு வெறுப்பு புகுந்துவிடும் என்பார்கள். புகும். இரண்டு மூன்று பேர் தனித்தனியே மதிப்பிட்டால் குறையும். ஓவியத்தாளைத் திருத்துவதிலும் இதே தொல்லைதானே?

நுழைவுத் தேர்வு பற்றியும் ஒரு கோரிக்கை. பொறியியல் படிப்புகளுக்கான ஜேஇஇ மெயின் 2021 முதல் தமிழிலும் நடக்கிறது. நாட்டாவோ ஆங்கிலத்தையும் இந்தியையுமே முதன்மையாகக் கொண்டு நடக்கிறது. கடைக்காலும் ரசமட்டமும் தூக்குக்குண்டும் பார்த்து வளர்ந்த மேஸ்திரி வீட்டுப் பெண், கேள்வி புரியாமல் தோற்கக் கூடாது. வரைவதற்கான கோச்சிங் வகுப்புக்கு மலைப்பிள்ளைகள் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் போக வேண்டியிருக்கிறது. அரசு மேல்நிலைப் பள்ளிகளில் வாரம் ஒரு மணி நேரம் வரையக் கற்றுக்கொடுத்தால் அந்தச் செலவு குறையும்.

கட்டடக்கலைக் கல்லூரிகளுக்குக் கடைசியாக ஒன்று. கோடை விழா நடக்கும் மே மாதத்தில் மாணவர்களைப் பேருந்தில் அழைத்து வருகிறீர்கள். அடுத்த முறை ஐப்பசியில் அனுப்புங்கள். தங்க இடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. குடை மட்டும் அவர்கள் கொண்டுவரட்டும்.