வீட்டில் விட்டார்களா?

ஒருநாள் பாடத்தை நிறுத்திவிட்டு, கூடைப்பந்து வீராங்கனை அனிதா பால்துரையைப் பற்றி வகுப்பில் பேசினேன். சென்னைக்காரர். தென்னக ரயில்வே ஊழியர். 2001இல் இந்திய அணிக்குள் வந்தார். 19 வயதில் அணித்தலைவர் ஆனார். ஆசிய சாம்பியன்ஷிப்பில் தொடர்ந்து 9 முறை ஆடினார். 2013இல் தோகாவில், அணிக்கு மூவர் ஆடும் ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் இருந்தார். குழந்தை பெற்ற பிறகு மீண்டும் தேசிய அணிக்குத் திரும்பினார். 2017இல் பெங்களூருவில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவில் இந்தியப் பெண்கள் கஜகஸ்தானை 75-73 என்று வென்று முதல் பிரிவுக்கு ஏறியபோது அவரும் களத்தில் இருந்தார். 2021இல் பத்மஸ்ரீ.

சொல்லி முடித்ததும் முதல் கேள்வி வந்தது.

“மேம், கல்யாணத்துக்கு அப்புறமும் அவங்க வீட்ல விட்டாங்களா?”

கேட்ட பெண்மீது எனக்குக் கோபமில்லை. அவள் வாயில் அந்தக் கேள்வியை வைத்தவர்கள்மீது இருக்கிறது. 2015 பிப்ரவரியில் மகள் பிறந்தபோது தோனி உலகக் கோப்பைக்காக ஆஸ்திரேலியாவில் இருந்தார். அவருடைய வீட்டில் விட்டார்களா என்று எவரும் கேட்கவில்லை. நாட்டுக்கான கடமை என்று மெச்சினோம். ஆணுக்குக் கடமையாக இருக்கும் ஒன்று பெண்ணுக்கு எப்படிச் சலுகையாக மாறுகிறது?

பெரிய போட்டிக்குத் தயாராவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள களத்தில் 40 நிமிடம் ஓட வேண்டும்; நிற்க வேண்டும்; சட்டென்று திரும்ப வேண்டும்; குதித்து, முழங்காலை மடக்கித் தரையிறங்க வேண்டும். கூடை பெண்களுக்காக ஓர் அங்குலமும் தாழ்ந்து வராது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் அதே 3.05 மீட்டர் உயரம்தான். இதற்கு உடம்பை மாதக்கணக்கில் பழக்க வேண்டும். வேளைக்குச் சோறு, முட்டை, பருப்பு வேண்டும். எட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். வீட்டைவிட்டுப் பல வாரம் முகாமில் தங்க வேண்டும். பிரசவம் கண்ட உடம்பு என்றால் இடுப்பையும் அடிவயிற்றையும் முதலிலிருந்து கட்டி எழுப்ப வேண்டும். அந்த நேரத்தில் குழந்தையை வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பட்டியலில் திறமை என்ற சொல்லே வரவில்லை, கவனித்தீர்களா? நேரம், சோறு, தூக்கம், பிள்ளையைப் பார்க்க ஆள். நம் வீடுகளில் பெண்ணுக்குக் கடைசியாக மிஞ்சுபவை எவையோ அவையே இவை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேற்பட்ட பெண்களை ரத்தமில்லாமல் வைத்துக்கொண்டு, நம் பெண்கள் ஏன் உலகப் போட்டிக்குப் போவதில்லை என்று கேட்க நமக்கு வெட்கமாக இல்லையா?

நான் பொதட்டூர்பேட்டைக்காரி. தறிச்சத்தத்தில் கண்விழிக்கிற ஊர். பெண் உடம்பு நோகக்கூடாது என்று எங்கள் ஊரில் யாரும் இரக்கப்பட்டதில்லை. விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, ராட்டை முன் உட்கார்ந்து தார் சுற்றிய பெண்களைப் பார்த்து வளர்ந்தேன். கூலி தறியில் உட்கார்ந்தவர் பெயரில் வரும். தார் சுற்றியவள் செய்தது ‘வீட்டு வேலை’. ஆடிக் கிருத்திகை வந்தால் இதே பெண்கள் வெறுங்காலோடு நடந்து, திருத்தணி மலையின் 365 படியும் ஏறுவார்கள். இடுப்பில் பிள்ளை இருக்கும். அப்போது ‘பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இவ்வளவு அலைச்சல்’ என்று யாரும் கேட்டதில்லை.

புருஷனுக்காக, பிள்ளைக்காக, தறிக்காக, வேண்டுதலுக்காக அவள் எவ்வளவு வேண்டுமானாலும் வியர்க்கலாம். தனக்காக வியர்த்தால்தான் கேள்வி வரும். ஒன்பதாம் வகுப்புவரை நான் பள்ளியில் பந்து ஆடினேன். வயதுக்கு வந்தபின், “இனிமே குதிக்காத” என்றாள் அம்மா. அதே வாரம் இரண்டு குடம் தண்ணீரை ஒன்றாகத் தூக்கி வந்தேன். அதைக் குறை சொல்ல ஆளில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய வியாதி இல்லை. 1891இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டே செண்டா பெரென்சன் என்ற ஆசிரியை, ஸ்மித் கல்லூரி மாணவிகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். பெண்கள் களைத்துவிடக்கூடாது என்று களத்தை மூன்று கட்டமாகப் பிரித்து, தன் கட்டத்தின் கோட்டை எவளும் தாண்டக்கூடாது என்று விதி வைத்தார். அன்றைய நிலையில் பெண்களை ஆட வைத்ததே அவருடைய துணிச்சல்தான். ஆனால் அந்தக் கோடு அவரைவிட நீண்ட நாள் வாழ்ந்தது. அமெரிக்கப் பெண்கள் ஐவர் அணியாக முழுக்களத்திலும் ஓடும் விதி 1971இல்தான் நிலைபெற்றது. ஒலிம்பிக்கில் ஆண்களின் கூடைப்பந்து 1936இல் நுழைந்தது, பெண்களுடையது 1976இல். இடையில் 40 ஆண்டு. அங்கே தரையிலிருந்த கோட்டை அழித்துவிட்டார்கள். இங்கே அது வாசற்படியில் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானாள். முகாமுக்குப் போக வேண்டிய வாரத்தில் வீட்டில் நிச்சயதார்த்தம் வைத்துவிட்டார்கள். “நீங்க ஒரு வார்த்தை சொன்னா அம்மா கேப்பாங்க மேம்” என்று வந்து நின்றாள். நானும் அவள் அம்மாவிடம் பேசினேன். “புள்ள நல்லா ஆடுறான்னு தெரியும் டீச்சர். மாப்பிள்ள வீட்ல ஒத்துக்கணுமில்ல?” என்றார் அந்த அம்மா. நான் என்ன செய்திருக்க வேண்டும்? பெண் விடுதலையைப் பற்றிக் கவிதை எழுதுகிறவள், முனைவர் பட்டம் வாங்கியவள், நான் கேட்டது இது: “அவங்ககிட்ட கேட்டுப் பாருங்களேன், விடுவாங்களான்னு.”

அவர்கள் விடவில்லை. அவளும் போகவில்லை. யாரிடம் அனுமதி வாங்குவது என்பதை மாற்றினேனே தவிர, அனுமதி எதற்கு என்று நான் கேட்கவில்லை. வகுப்பில் அந்தக் கேள்வி வந்தபோது என்னைச் சுட்டது அதனால்தான்.

‘குடும்பம் ஆதரிக்காமல் எந்தப் பெண்ணால் சாதிக்க முடியும், நன்றி சொல்வதில் என்ன தவறு?’ என்பார்கள். நன்றி சொல்லட்டும். எல்லா ஆட்டக்காரருக்கும் தாங்க ஆள் வேண்டும். ஆணுக்கு அந்த ஆள் கேட்காமலே கிடைக்கிறாள். அவளுக்கு அம்மா, மனைவி என்று பெயர். பெண்ணுக்குக் கிடைத்தால் அது செய்தியாகிறது. பேட்டி எடுப்பவர் வீராங்கனையின் முழங்காலைப் பற்றிக் கேட்கமாட்டார். கணவரின் பெருந்தன்மையைப் பற்றிக் கேட்பார். ‘தாயாகியும் சாதித்தார்’ என்று தலைப்பு வைப்பார். அந்த ‘உம்’மில் எவ்வளவு இளக்காரம்!

நல்ல கணவர் வாய்ப்பதை நம்பி ஒரு நாட்டின் பெண்கள் அணியை நடத்த முடியாது. அதற்குச் சட்டமும் பணமும் வேண்டும். அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கத்தில் வீராங்கனைகள் தொழிற்சங்கமாக நின்று பேரம் பேசி, 2020இல் மகப்பேறு விடுப்புக்கு முழுச் சம்பளம் என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்தார்கள். யாருடைய கருணையையும் அவர்கள் கேட்கவில்லை. நம் நாட்டில் 2017 சட்டத்திருத்தம் மகப்பேறு விடுப்பை 26 வாரமாக்கியது. அது பெண்ணை வேலைக்குத் திரும்ப வைக்கும். அணிக்குத் திரும்ப வைக்க அது போதாது. அதற்கு முகாமில் குழந்தையோடு தங்க அறை வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், பிரசவத்துக்குப் பின் உடம்பைத் தேற்றும் மருத்துவர் வேண்டும். பள்ளியில் பெண்களின் விளையாட்டு வகுப்பைக் கணக்குக்குத் தாரைவார்க்காத அட்டவணை வேண்டும். எங்களைப் போன்ற ஊர்களில் பெண்பிள்ளைகள் மாலை ஏழு மணிவரை ஆட விளக்குப் போட்ட ஒரு களம் வேண்டும்.

அனிதா பால்துரையை அதிசயம் என்று சொல்லாதீர்கள். ஒருவரை அதிசயமாக்கிவிட்டால், வர முடியாமல் போன மற்றவர்களுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பந்தை மூலையில் வைத்துவிட்டுப் போன பெண்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் உங்களை விட்டார்களா என்று கேட்காதீர்கள். உங்களை நிறுத்தியவர் யார் என்று கேளுங்கள்.

என் மாணவி கேட்டால், என் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும்.