வைக்கோலுக்கு ஆலை உண்டு, நொதிக்கு?

குளிர்காலக் கூட்டத்தொடர் நெருங்கும்போது தில்லி புகையில் மூழ்குவதும், பஞ்சாப், ஹரியாணா விவசாயிகள் வைக்கோலை எரிப்பதே காரணம் என ஒரு தரப்பும், தலைநகரின் வாகனங்களும் ஆலைகளுமே காரணம் என மறுதரப்பும் அவையில் குரல் எழுப்புவதும் வழக்கமாகிவிட்டன. எரிப்பதற்குப் பதிலாக எத்தனால் தயாரிக்கலாமே என்ற யோசனைக்கு அரசு தரும் பதில் பானிபட்.

ஹரியாணாவில் உள்ள அந்த நகரில், இந்தியன் ஆயில் நிறுவனம் ரூ.900 கோடிக்கும் அதிகமான செலவில் அமைத்த ஆலையை 2022 ஆகஸ்டில் பிரதமர் மோடி நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் இருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது இலக்கு. பஞ்சாபில் மட்டும் ஆண்டுதோறும் சேரும் நெல் வைக்கோல் ஏறத்தாழ 2 கோடி டன். அதாவது, இத்தகைய ஆலைகள் நூறு வேண்டும்.

நூறு ஆலைகள் ஏன் எழவில்லை? கரும்புப் பாகில் சர்க்கரை தயாராக இருக்கிறது. ஈஸ்ட் சேர்த்தால் போதும். வைக்கோலில் அது செல்லுலோஸாக இறுகி, லிக்னின் என்னும் கடினப் பொருளால் சூழப்பட்டிருக்கிறது. முதலில் அமிலமும் நீராவியும் கொண்டு அதை இளக்க வேண்டும். பின்னர் செல்லுலேஸ் நொதிகள் அதைச் சர்க்கரையாக உடைக்க வேண்டும். இந்த நொதிகளைச் சுரப்பது பூஞ்சை. இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் கூடாரத் துணிகளை அரித்துத் தின்ற டிரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சைதான் இன்று இத்தொழிலின் மூலதனம். ராணுவத்துக்கு அன்று தலைவலியாக இருந்தது, பிற்காலத்தில் வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் பொன் முட்டையிடும் வாத்தாயிற்று!

வைக்கோல் எத்தனாலின் விலையை உயர்த்தும் முக்கியச் செலவுகளில் ஒன்று இந்த நொதி. 2019-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ஜீவன் திட்டத்தின் ஒதுக்கீடு ரூ.1,969.50 கோடி. அதில் ரூ.1,800 கோடி 12 வணிக ஆலைகளுக்கும், ரூ.150 கோடி மாதிரி ஆலைகளுக்கும் என வகுக்கப்பட்டது. ஆலைக்குக் கட்டடம் கிடைத்தது. அதற்குள் ஊற்ற வேண்டிய நொதிக்கெனத் தனி ஒதுக்கீடு இல்லை. 2024-இல் திட்டக் காலம் 2028-29 வரை நீட்டிக்கப்பட்டது. அதே மாதத்தில் ஒப்புதல் பெற்ற உயிரித் தொழில்நுட்பக் கொள்கையில் நொதிகளும் முன்னுரிமைத் துறையாக இடம்பெற்றுள்ளன. வரவேற்கத்தக்கதே. ஆனால், எந்த ஆண்டுக்குள் எத்தனை டன் நொதி உள்நாட்டில் உற்பத்தியாகும் என்ற இலக்கு இல்லாத முன்னுரிமையால் பயன் என்ன?

தில்லியில் உள்ள சர்வதேச மரபணுப் பொறியியல் மற்றும் உயிரித் தொழில்நுட்ப மையத்தின் விஞ்ஞானிகள், பெனிசிலியம் இனப் பூஞ்சை ஒன்றிலிருந்து திறன்மிக்க நொதிக் கலவையை உருவாக்கி ஆய்வு முடிவுகளை வெளியிட்டுள்ளனர். ஆய்வகக் குடுவையிலிருந்து பல்லாயிரம் லிட்டர் கலனுக்கு அதைக் கொண்டுசெல்லும் செலவை ஏற்க வேண்டியது யார்? பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் என்ற இலக்கு 2025-இல் எட்டப்பட்டதை அரசு பெருமையுடன் கூறுகிறது. அந்த எத்தனாலில் பெரும்பகுதி கரும்பும் மக்காச்சோளமும் அரிசியும் தந்தது. வைக்கோலின் பங்கு எவ்வளவு, அதற்கான நொதி எங்கிருந்து வந்தது என்ற இரு கேள்விகளை அடுத்த கூட்டத்தொடரில் பஞ்சாப், ஹரியாணா உறுப்பினர்களாவது எழுப்ப வேண்டும்.