தழும்பு சின்னது, ஆபத்தும் சின்னதா?

வயிற்றில் நாலைந்து சிறு துளை. அதன் வழியே கேமராவை விட்டு ஆபரேஷன். "கிழிக்கவே வேண்டாமாம்!" என்று ஜனங்களுக்கு ஒரே சந்தோஷம். கணையப் புற்றுநோயில் இந்தக் கணக்கு எல்லாருக்கும் ஒத்துவராது.

கணையத்தின் வால்பக்கம் கட்டி என்றால் துளை நல்லதுதான். நெதர்லாந்து சோதனையில், கிழித்தவர்கள் தேற 6 நாள். துளை போட்டவர்களுக்கு 4 நாள்.

தலைப்பக்கம் என்றால் கதையே வேறு. கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பையை எடுத்துவிட்டு, குடலோடு மூன்று இடத்தில் ஒட்டுத் தையல் போடவேண்டும். அதே நாட்டில் பயிற்சி பெற்ற டாக்டர்களே துளை வழியே செய்தார்கள். சிக்கல் முற்றி 50 பேரில் 5 பேர் செத்தார்கள். கிழித்துச் செய்த 49 பேரில் ஒருவர்தான். சோதனையைப் பாதியில் நிறுத்தி, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள்.

சீனாவிலோ, ஆளுக்கு 100-க்கு மேல் செய்து கை பழகிய டாக்டர்கள் செய்தார்கள். சாவு கூடவில்லை என்று 2021-ல் முடிவு வந்தது.

ஆக, வீட்டார் கேட்கவேண்டியது "எத்தனை துளை?" என்பதல்ல, "இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கீங்க, டாக்டர்?" என்பதுதான். இதைக் கேட்டதற்கே கோபிக்கிறவரிடம் வயிற்றைக் கொடுக்காதீங்க!