சிங்கப்பூர் வேலை ரெடி... உங்க லாப்ரடாருக்கு வீடு ரெடியா?

நாயோடு சிங்கப்பூருக்குக் குடிபோகிறீர்களா? சம்பளம் பேசும் முன்பே வாடகை வீட்டு விதிகளைப் பார்த்துவிடுங்கள்.

அங்கே பெரும்பாலானோர் வசிப்பது ஹெச்.டி.பி எனப்படும் அரசு அடுக்குமாடிகளில். வீட்டுக்கு ஒரு நாய்தான். அதுவும் அனுமதிப் பட்டியலில் உள்ள சிறிய இனமாக இருக்க வேண்டும். பக், பொமரேனியன், ஷிட்ஸு ஓகே. லாப்ரடார், ராஜபாளையம் நாய்களுக்கு இடமில்லை. மீறினால் 4,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம்!

பெரிய நாய் என்றால் தனியார் காண்டோதான் வழி. நாய், பூனை சேர்த்து மூன்று வரை வளர்க்கலாம். ஆனால் வாடகை அதிகம்; ஹவுஸ் ஓனர் சம்மதமும் வேண்டும். ஏஜென்ட் 'பார்த்துக்கலாம்' என்று சொன்னால் நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நாயின் இனம், வயது, எடையைக் குறிப்பிட்டு வாடகை ஒப்பந்தத்திலேயே அனுமதி எழுதி வாங்குங்கள். கதவில் கீறல் விழுந்தால் யார் பொறுப்பு, காலி செய்யும்போது சுத்தம் செய்யும் செலவு யாருடையது என்பதும் அதில் இருக்கட்டும்.

ரேபிஸ் தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, இறக்குமதி அனுமதி என்று நாயின் பயண ஏற்பாட்டுக்கே மாதக்கணக்கில் ஆகும். அதனால் காண்டோ வாடகையையும் சேர்த்துக் கணக்குப் போட்டே சம்பளம் கேளுங்கள். ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போட்ட பிறகு யோசித்தால், வீட்டில் ஒருவராக வளர்ந்த நாயை யாரிடமாவது விட்டுவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டியிருக்கும். எட்டு வயது நாய்க்குப் புது வீடு கிடைப்பது லேசில்லை.