லிப்ட் பூட்டினால் மட்டும் போதுமா?



நமது கரையோர ஊர்களில் காணி இல்லை. காத்தான்குடியாக இருந்தாலும் சாய்ந்தமருதாக இருந்தாலும் எல்லோரும் மேலேதான் கட்டுகிறோம். கீழே கடை, அதற்கு மேலே டொக்டரின் கிளினிக், அதற்கும் மேலே டியூஷன் வகுப்பு. லிப்டும் வந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் அதன் பராமரிப்பு ஒப்பந்தம் என்று வரும்போது நமது கட்டிட உரிமையாளர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "மாசத்துக்கு எவ்வளவு?"

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கடைசியாகக் கேட்க வேண்டியது.

கடந்த மாரியில் ஒரு கட்டிடத்தில் லிப்ட் கிழமைக்கணக்கில் ஓடவில்லை. மூன்றாம் மாடி கிளினிக்குக்கு வந்த வயதான ஒரு உம்மாவை இரண்டு மகன்மார் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். விசாரித்தால், ஒப்பந்தம் இருக்கிறதாம். தண்ணீர் பட்டுப் பழுதானால் அதில் சேராதாம்.

ஆகவே முதலாவது, ஒப்பந்தத்தில் எது சேரும், எது சேராது என்று பாருங்கள். பொதுவாக இரண்டு வகை உண்டு. ஒன்றில் சேர்விஸ் மட்டும். உதிரிப்பாகத்துக்குத் தனியாகக் காசு. மற்றதில் உதிரிப்பாகமும் அடங்கும். மாசக் கட்டணம் குறைவு என்றால் அநேகமாக அது முதல் வகைதான். இரண்டாவது வகையிலும் வெள்ளம், இடி மின்னல், கரண்ட் கூடிக் குறைவதால் வரும் பழுது என்பவற்றைச் சின்ன எழுத்தில் விலக்கி வைப்பார்கள். மாரியில் லிப்ட் குழிக்குள் தண்ணீர் வருவதும், உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிப்பதும்தான் நமது பகுதியின் பிரச்சினையே. அதை முன்கூட்டியே பேசித் தீர்க்காத ஒப்பந்தம் நமக்கு உதவாது.

இரண்டாவது, ஒவ்வொரு வருகையிலும் என்ன செய்வார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். லிப்டில் அதிகம் பழுதாவது கதவுதான். கதவின் பூட்டு, சென்சர், பிரேக், கேபிள், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் பார்க்கப்பட்டு, கட்டிடத்திலேயே இருக்கும் ஒரு பதிவுக் கொப்பியில் எழுதப்பட வேண்டும். பெட்டியைத் துடைத்துவிட்டுக் கையொப்பம் வாங்கிப் போவது சேர்விஸ் அல்ல.

மூன்றாவது, எவ்வளவு நேரத்தில் வருவார்கள்? லிப்ட் பழுதானால் ஒரு நேரம், ஆள் உள்ளே மாட்டினால் அதைவிடக் குறைந்த நேரம் என்று இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். இரவு, போயா, பெருநாள் தினங்களுக்கும் பொருந்த வேண்டும். கொழும்பிலிருந்து ஆள் வரும் வரை ஒரு பிள்ளை இருட்டுப் பெட்டிக்குள் இருக்க முடியாது. பக்கத்து ஊரில் டெக்னீசியன் இருக்கிறாரா என்று கேளுங்கள். கட்டிடத்தில் இரண்டு பேருக்கு முறையான பயிற்சியும் கேளுங்கள். பயிற்சி இல்லாதவர்கள் கதவை நெம்பித் திறக்கவே கூடாது. பெட்டி இரண்டு மாடிக்கு நடுவில் நின்றிருந்தால், வெளியே குதிப்பவர் கீழே உள்ள இடைவெளியால் குழிக்குள் விழக்கூடும்.

நான்காவது, கரண்ட். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். கரண்ட் போனால் பெட்டியைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறக்கும் பேட்டரிக் கருவி இருக்கிறது. ஆனால் பேட்டரி செத்திருந்தால் அது வெறும் பெட்டி. சேர்விஸுக்கு வரும்போது மெயினை நிறுத்தி அதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அவசர மணியையும் லைட்டையும் அப்படியே.

ஐந்தாவது, சில லிப்ட்களின் கட்டுப்பாட்டுப் பலகையைப் பூட்டிய கொம்பனியின் கருவியும் பாஸ்வேர்டும் இல்லாமல் வேறு யாரும் திருத்த முடியாது. வாங்கும்போதே இதைக் கேட்காவிட்டால், பிறகு அவர்கள் சொல்வதுதான் விலை. ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்படுமா, வருடா வருடம் எவ்வளவு கூடும் என்பதையும் பாருங்கள்.

எல்லாப் பிழையையும் கொம்பனியின் தலையில் போடவும் முடியாது. மோட்டர் அறையைச் சாமான் அறையாக்குவது, ஆட்கள் போகும் லிப்டில் சீமெந்தும் டைல்ஸும் ஏற்றுவது, குழியில் தண்ணீர் நிற்க விடுவது எல்லாம் நமது வேலைதானே?

"எனது கட்டிடம், எனது லிப்ட்" என்று சிலர் சொல்வார்கள். ஆனால் அதில் ஏறுவது நோயாளியும் கர்ப்பிணியும் நம் பிள்ளைகளும். வாடகை வாங்கும்போதே அவர்களின் உயிர் நம்மிடம் அமானிதமாக வந்துவிடுகிறது.

எனது கோரிக்கை சின்னது. கடைசியாக சேர்விஸ் செய்த திகதியையும், அவசரத்துக்கு எடுக்க வேண்டிய நம்பரையும் லிப்டுக்குள் ஒட்டி வையுங்கள். வருடத்தில் ஒரு தடவை, அந்தக் கொம்பனியைச் சேராத ஒரு இஞ்சினியரைக் கொண்டு பார்வையிடுங்கள். பள்ளிவாசல், பாடசாலைக் கட்டிடங்கள் இதில் முன்மாதிரியாக இருக்கட்டும். வாடகைக்கு இருப்பவர்களும் வெட்கப்படாமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

இந்தத் துறையில் அனுபவமுள்ள சகோதரர்கள் நான் விட்டவற்றை எழுதினால் எல்லோருக்கும் பிரயோசனமாக இருக்கும்.